கடவுளை மறுப்பவர் வாக்குத் தவறுவாரா?

"சாமி பயம் இல்லாதவன் எதற்கும் துணிவான், அவன் பேச்சை எப்படி நம்புவது?" பெண் கொடுப்பதிலிருந்து ஓட்டுப் போடுவது வரை இந்த நினைப்பு நம்மோடு வருகிறது. படிக்காதவர்களின் பேச்சு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. மதச் சகிப்புத்தன்மைக்காக வாதாடியவர்களில் முன்வரிசையில் நிற்கும் ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக்கே இதை எழுதிவைத்திருக்கிறார்.

சகிப்புத்தன்மை பற்றிய அவரது கடிதம் 1689இல் வெளியானது. ஒருவருடைய ஆன்மாவின் மீது அரசுக்கு அதிகாரம் இல்லை என்று அதில் அழுத்தமாக வாதிடுகிறார். அந்தப் பெருந்தன்மை நாத்திகரிடம் வந்ததும் நின்றுபோகிறது. வாக்குறுதியும் ஒப்பந்தமும் சத்தியமும் கடவுளை மறுப்பவரைக் கட்டுப்படுத்தாதாம். அதனால் அவரைச் சகித்துக்கொள்ளவே கூடாதாம்.

இந்த வாதம் தன்னைத்தானே தோற்கடித்துக்கொள்கிறது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ராய் டொர்காசோ என்பவர் நோட்டரி பதவிக்கு நியமிக்கப்பட்டார். பிறர் செய்யும் சத்தியத்துக்குச் சான்றளிக்கும் வேலை அது. கடவுள் இருப்பதை நம்புவதாக அறிவிக்க வேண்டும் என்றது மாநிலச் சட்டம். அவர் மறுத்தார், பதவி கிடைக்கவில்லை. பொய் சொல்லக் கூசாதவராக இருந்திருந்தால், "நம்புகிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நேர்மையான நாத்திகரை மட்டும் வெளியே தள்ளி, பொய்யரை உள்ளே விடும் சட்டம் யாருக்குப் பாதுகாப்பு? 1961இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனை செல்லாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

லாக்குக்கான பதில் அவர் காலத்திலேயே இருந்தது. நாத்திகர்களைக் கொண்ட சமூகமும் ஒழுங்காக வாழ முடியும் என்று பியேர் பேல் 1682இலேயே எழுதினார். மனிதர்கள் தங்கள் கொள்கைப்படி நடப்பதில்லை. சுபாவம், பழக்கம், ஊரார் மெச்ச வேண்டும் என்ற ஆசை இவைதான் அவர்களை நடத்துகின்றன என்பது அவர் கண்டது. பேல் நாத்திகப் பிரச்சாரகர் அல்ல. பிரெஞ்சு புராட்டஸ்டன்ட் போதகரின் மகன். மூன்று ஆண்டுகள் கழித்து அவருடைய அண்ணன் பிரான்சில் சிறையிலேயே மாண்டார். அவரைச் சிறையில் அடைத்தது கடவுளை மறுத்தவர்களின் ஆட்சி அல்ல, பக்தியில் பெருமை கொண்ட பதினான்காம் லூயியின் ஆட்சி.

இறையச்சத்தால் நேர்மையாக வாழ்கிறவர்கள் உண்டு, அவர்களை வணங்குகிறேன். ஆனால் நாள் தவறாமல் கோயிலுக்குப் போகிறவருக்குக் கடன் கொடுக்கும்போதும் நாம் புரோநோட்டு எழுதி வாங்குகிறோம், சாட்சிக் கையெழுத்தும் கேட்கிறோம். பக்தி மட்டும் பிணையாகாது என்பது நமக்கே தெரியும். அந்தத் தெளிவு நாத்திகரை எடைபோடும்போது மட்டும் எங்கே போகிறது?

அமைச்சரும் நீதிபதியும் கடவுள் பெயராலும் பதவி ஏற்கலாம், உளமார உறுதி கூறியும் ஏற்கலாம் என்கிறது நம் அரசியல் சாசனத்தின் மூன்றாம் அட்டவணை. இரண்டுக்கும் ஒரே மதிப்பு. சட்டம் 1950இலேயே கொடுத்துவிட்ட அந்தச் சம மதிப்பை உங்கள் வீட்டிலும் தெருவிலும் கொடுங்கள்.