டேப்லெட் வாங்கினால் வீட்டுக் கணினி வேண்டாமா?

வீட்டில் இருந்த பழைய கணினி பழுதாகிவிட்டது. புதிய பள்ளி ஆண்டும் நெருங்குகிறது. அப்பா ஒரே ஒரு கருவிக்குத்தான் பணம் ஒதுக்கியிருக்கிறார். கணினியா, டேப்லெட்டா? குளுவாங் பட்டணத்திலும் அதைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களிலும் பல குடும்பங்கள் இந்தக் கேள்வியைச் சந்திக்கின்றன. டேப்லெட் மெலிதானது, எளிதானது, பையில் அடங்கும். ஆனாலும், இடைநிலைப்பள்ளி மாணவர் உள்ள வீட்டில் அந்த ஒரு கருவி கணினியாக இருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

டேப்லெட் வேகம் குறைந்தது என்பதால் இப்படிச் சொல்லவில்லை. ஆப்பிள் நிறுவனம் 2020 நவம்பரில் மேக்புக் ஏர் மடிக்கணினியில் எம்1 என்ற சில்லைப் பொருத்தியது. 2021-இல் வந்த ஐபேட் புரோவிலும் அதே சில்லுதான். மூளை ஒன்றே. ஆனால் மேக்கில் ஓடும் மென்பொருளை அந்த ஐபேடில் நிறுவ முடியாது. ஆகவே வேறுபாடு சில்லில் இல்லை, இயங்குதளத்தில் இருக்கிறது.

டேப்லெட்டின் இயங்குதளம் ஒவ்வொரு செயலியையும் தனித்தனி அறையில் பூட்டி வைக்கிறது. ஓர் அறையில் உள்ள கோப்பை அடுத்த அறை தன் விருப்பப்படி எடுக்க முடியாது. இதனால் கெட்ட செயலி ஒன்று நுழைந்தாலும் சேதம் குறைவு. இது பெரிய நன்மைதான். கணினி அப்படியன்று. அது நடுவில் பொது மேசை போட்ட பட்டறை போன்றது. ஒரு மென்பொருளில் நிரல் எழுதலாம், இன்னொன்றில் அதை ஓட்டலாம், மூன்றாவதில் தரவைச் சேமிக்கலாம். எல்லாம் ஒரே கோப்புறையில் இருக்கும். புதிதாக ஒன்றை உருவாக்குகிறவருக்கு அந்தப் பொது மேசை தேவை.

நான்காம் படிவத்தில் கணினி அறிவியல் பாடம் எடுப்பவருக்கு இது விரைவில் புரியும். அங்கே ஜாவா நிரலாக்கமும் தரவுத்தளமும் வருகின்றன. ஜாவா எழுத உதவும் நெட்பீன்ஸ், எக்லிப்ஸ் போன்ற மென்பொருள்கள் கணினிகளுக்காகவே உருவானவை. மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் விண்டோஸ் கணினியில் மட்டுமே இயங்கும். இணையத்தில் நிரல் ஓட்டிப் பார்க்கும் தளங்கள் உண்டு. ஆனால் தோட்டத்தில் இணையத் தொடர்பு அறுந்தால் வேலையும் நின்றுவிடும். வீட்டில் பயிற்சி செய்ய வழியில்லை என்று ஒரு மாணவர் அந்தப் பாடத்தையே ஒதுக்கினால், அது கருவியோடு முடிகிற இழப்பு அல்ல.

இன்னொரு காரணமும் உண்டு. 2020-இல் நம் கல்வி அமைச்சு நடத்திய ஆய்வில், ஏறக்குறைய 37 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை எனத் தெரியவந்தது. திறன்பேசி வைத்திருந்தவர்கள் ஏறக்குறைய 47 விழுக்காடு, மடிக்கணினி வைத்திருந்தவர்கள் வெறும் 9 விழுக்காடு. அதாவது, கருவி உள்ள வீடுகளில் பெரும்பாலும் இருப்பது திறன்பேசிதான். காணொளி பார்ப்பது, டெலிமா தளத்தில் நுழைவது, குறிப்பைப் படம் எடுத்து அனுப்புவது ஆகியவற்றை அதுவே செய்துவிடும். டேப்லெட் வாங்கினால் அதே வேலைகளைப் பெரிய திரையில் செய்வோம். கணினி வாங்கினாலோ, வீட்டில் இதுவரை முடியாத வேலைகள் முடியும்.

டேப்லெட் சிறந்து விளங்கும் இடங்களும் இருக்கின்றன. கணிதப் படிகளைப் பேனாவால் எழுத, ஓவியம் வரைய, பாடநூலைப் படுத்துக்கொண்டே படிக்க அதற்கு நிகரில்லை. சிம் அட்டை போடும் வகை என்றால், கம்பிவழி இணையம் இல்லாத வீட்டிலும் பயன்படும். நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரில் எல்லா உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்கும் சொந்தக் கற்றல் கருவி கொடுத்தபோது, சில பள்ளிகள் ஐபேடைத் தேர்ந்தெடுத்தன, சில மடிக்கணினியைத் தேர்ந்தெடுத்தன.

அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் ஆபர்ன் நகரம் 2011-இல் பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்கே ஐபேட் கொடுத்துப் பெயர் பெற்றது. அதே நகரம் 2016-இல், மேல்வகுப்பு மாணவர்களின் ஐபேடுகளைத் திருப்பிக் கொடுத்து மடிக்கணினி பெற முடிவு செய்தது. ஆசிரியர்களும் மாணவர்களும் பெரும்பாலும் அதையே விரும்பினார்கள். தொட்டுப் பார்த்துக் கற்கும் வயதுக்கு ஒரு கருவி. நீண்ட கட்டுரை தட்டச்சு செய்யும் வயதுக்கு வேறொரு கருவி.

“கணினி விலை அதிகமாயிற்றே” என்று அம்மா கேட்பார். டேப்லெட்டின் விலையோடு விசைப்பலகை, பேனா ஆகியவற்றின் விலையையும் கூட்டிப் பாருங்கள். பிறகு, அலுவலகங்கள் கழித்துவிட்ட மேசைக் கணினி கடையில் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று விசாரியுங்கள். அதில் நினைவகம் போதாவிட்டால் கூட்டலாம், வட்டு பழுதானால் மாற்றலாம். டேப்லெட்டில் பொதுவாக அது முடியாது. ஒன்றில் மட்டும் கவனம் தேவை: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 14 அக்டோபர் 2025-இல் முடிந்துவிட்டது. எனவே வாங்கும் கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்று கேளுங்கள். ஏற்காவிட்டால் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் நிறுவிக்கொள்ளலாம். ஆனால் அதில் ஆக்சஸ் இயங்காது.

கடைக்குப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள், மாணவர்களே. கடந்த ஒரு மாதத்தில் பள்ளிக்காகச் செய்த பணிகளை ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்த ஆண்டு எடுக்கப்போகும் பாடங்களையும் சேருங்கள். எவற்றைத் திறன்பேசியிலேயே முடிக்கலாமோ அவற்றை அடித்துவிடுங்கள். மீதி இருப்பவை வரைதலும் வாசிப்பும் என்றால் டேப்லெட் போதும். நீண்ட கட்டுரை, அட்டவணை, நிரல் என்றால் கணினிதான். அந்தத் தாளை அப்பாவிடம் காட்டிப் பேசுங்கள்.