வெளிவராத பாடல்கள்



தமக்குப் பிரியமான பாடகர் பதிவு செய்தும் வெளியிடாது வைத்துக்கொண்ட பாடல்களைப் பற்றி இரசிகர்கள் மணிக்கணக்கில் உரையாடுவதுண்டு. எந்த ஆண்டு பாடினார், ஏன் ஒதுக்கினார், பிரதி யாரிடம் இருக்கிறது என்றெல்லாம் ஆராய்வார்கள். இது வெறும் பொழுதுபோக்கென்று நாம் தள்ளிவிடலாகாது. நீதியையும் அன்பையும் பற்றிய ஒரு கேள்வி இதில் அடங்கியிருக்கிறது. ஒருவர் மறைத்து வைத்ததை, அவர்மீது கொண்ட அன்பின் பெயரால் பிறர் எடுத்துக்கொள்ளலாமா?

அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் வரலாறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1997இல் இத்தாலியின் பொலோனா நகரில் நடந்த நற்கருணை மாநாட்டில், திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் முன்னிலையில் பாடியவர் இவர். 2016இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசும் பெற்றார்.

1967இல் இவர் தம் தோழர்களுடன், நியூயார்க் மாநிலத்தில் உட்ஸ்டாக் ஊருக்கருகே ஒரு வீட்டின் நிலவறையில் நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களை ஒலிநாடாவில் பதிவு செய்தார். அவற்றை அப்பொழுது அவர் வெளியிடவில்லை. ஆனால் 1969இல், அவற்றுள் சில அடங்கிய இரட்டை இசைத்தட்டு ஒன்று, பெயரும் விவரமும் அச்சிடாத வெள்ளை உறையில் கடைகளில் விற்பனையாயிற்று. பாடியவரின் அனுமதி அதற்கு இல்லை. 1975இல்தான் அந்த நிலவறைப் பாடல்களில் ஒரு பகுதி முறைப்படி வெளிவந்தது. ஏறத்தாழ முழுமையான தொகுப்பு 2014இல் ஆறு தட்டுகளாக வந்தது.

அனுமதியின்றி விற்றவர்களின் செயலை அன்பு என்று கூற இயலாது. உழைத்தவனின் கூலியைப் பறிப்பது ஏழாம் கட்டளைக்கு விரோதமான பாவம். பணம் ஒருபுறமிருக்க, முடிவுறாத படைப்பை அம்பலத்தில் வைப்பதும் அநீதியே. எழுதிக் கிழித்த கடிதத்தைப் பொறுக்கி எடுத்துத் தெருவில் வாசிப்பதற்கு இது ஒப்பாகும்.

ஆயினும் இரசிகர்களின் ஏக்கத்தில் நியாயமே இல்லையா? உண்டு. 1983இல் டிலன், 'பிளைண்ட் வில்லி மெக்டெல்' என்ற பழைய கறுப்பினப் பாடகரின் பெயரில் ஒரு பாடலைப் பதிவு செய்து, அவ்வாண்டு வெளியிட்ட தொகுப்பில் சேர்க்காமல் விட்டார். இரகசியப் பிரதிகளில் அதைக் கேட்டவர்கள், அவருடைய மிகச் சிறந்த பாடல்களுள் ஒன்று ஒதுக்கப்பட்டதே என்று வருந்தினர். 1991இல் அது முறையாக வெளிவந்தது. 1997 முதல் அவரே அதை மேடையில் பாடலானார். தன் படைப்பின் அருமையைப் படைத்தவனே சில வேளைகளில் உணர்வதில்லை. அன்போடு கேட்பவர்கள் அதை அவனுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எனவே அன்புக்குக் கேட்க உரிமை உண்டு, வற்புறுத்தவும் ஓரளவு உரிமை உண்டு. பறிக்க உரிமை இல்லை. படைத்தவருக்கோ காலம் கனியும்வரை காத்திருக்க உரிமை உண்டு. ஆனால் இறைவன் பிறருக்காகத் தந்த வரத்தை, தாலந்தைப் புதைத்த ஊழியனைப்போல் என்றென்றும் மண்ணுக்குள் வைத்திருக்கலாகாது.

இந்த நியாயம் நம் இல்லங்களுக்கும் பொருந்தும். மகள் பெட்டியில் வைத்திருக்கும் நோட்டுப் புத்தகத்தை, "பெற்ற தாய்தானே" என்று அவள் அறியாமல் திறந்து பார்ப்பவர்கள் உண்டு. அவளே மனமுவந்து காட்டும்வரை பொறுத்திருங்கள். அதே நேரத்தில், "எனக்கென்ன தெரியும்" என்று கூச்சத்தோடு பாடகர் குழுவின் பின்வரிசையில் ஒதுங்கும் மகனை அருகழைத்து, "நீ பாடு, நாங்கள் கேட்கிறோம்" என்று சொல்லுங்கள். முன்னதில் பொறுமையும் பின்னதில் ஊக்கமும் வேண்டும். இரண்டையும் காலமறிந்து வழங்கும் ஞானத்தைத் தூய ஆவியார் நம் பெற்றோருக்கு அருள்வாராக!