உடன்பிறந்தாரின் துயரையும் கேளுங்கள்

ஒரு வீட்டில் இறப்பு நேர்ந்தால், துக்கம் விசாரிக்க வருவோர் முதலில் பெற்றோரின் கையைப் பற்றிக்கொள்வர். அடுத்து மனைவியையும் பிள்ளைகளையும் தேற்றுவர். உடன்பிறந்தவரிடம் வந்ததும், “நீதான் தைரியமாக இருந்து அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும்” என்று ஒரு பொறுப்பை ஒப்படைத்துவிட்டுச் செல்வர். இழந்தவருள் அவரும் ஒருவர் என்பது பலருக்கு நினைவில் எழுவதில்லை. இவ்வழக்கம் மாற வேண்டும்.

சமூகம் உரிய இடம் அளிக்காத துயரம் ஒன்று உண்டு என்பதை அமெரிக்க அறிஞர் கென்னத் டோக்கா 1980களிலேயே எடுத்துரைத்தார். வெளிப்படையாக அழவும் ஆறுதல் பெறவும் வழியில்லாதபோது துயரம் சுமப்பதற்குக் கடினமாகிறது. உடன்பிறந்தாரின் துயரும் பல வேளைகளில் இவ்வகையினதே. பெற்றோர் பெரும்பாலும் நம் முதுமையைக் காண்பதில்லை. வாழ்க்கைத் துணையும் மக்களும் நம் குழந்தைப் பருவத்தைக் கண்டதில்லை. இரண்டையும் அருகிருந்து காணும் வாய்ப்பு உடன்பிறந்தவருக்கே உண்டு. அவ்வுறவு அறுபடும்போது நம் இளமைக்குச் சாட்சியாக இருந்தவரும் போய்விடுகிறார்.

என் அண்ணன் பகலில் நூற்பாலைத் தொழிலாளி. பங்குனி, சித்திரைத் திருவிழா இரவுகளில் உள்ளூர் மெல்லிசைக் குழுவின் தபேலாக் கலைஞர். விடியற்காலையில் வேனிலிருந்து இறங்கிக் குளித்துவிட்டு, அப்படியே முதல் ஷிஃப்டுக்குப் புறப்பட்டுவிடுவார். கச்சேரியில் கிடைத்த பணம் பல மாதங்களில் தபேலாவுக்குத் தோல் மாற்றுவதற்கே சரியாக இருந்தது. அவர் பெயர் எந்த ஒலிநாடாவின் உறையிலும் அச்சேறியதில்லை. ஆயினும் எங்கள் வட்டாரத்தில் எத்தனையோ திருமண வரவேற்புகள் அவருடைய தாளத்தோடுதான் நடந்தேறின.

சிறுநீரகம் செயலிழந்தபின், வாரத்தில் மூன்று நாள், நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ். ஊசி செருகிய இடக்கையை அசைக்கலாகாது. வலக்கை மட்டும் கட்டிலின் விளிம்பில் தாளமிட்டுக்கொண்டிருக்கும். அதைக் கவனித்த செவிலியர் ஒருவர், எடையையும் இரத்த அழுத்தத்தையும் குறித்துக்கொண்டபின், “இன்றைக்கு என்ன பாட்டு, அண்ணா?” என்று கேட்பார். மருத்துவக் குறிப்பேட்டில் அக்கேள்விக்கு இடமில்லை. ஆனால் அதைக் கேட்டதும் அண்ணனின் முகத்தில் கச்சேரி மேடையின் களை வந்துவிடும்.

அவர் மறைந்தபின் எங்களிடம் கேட்கப்பட்டவை எல்லாம் கடைசி நாள்களைப் பற்றியவையே. எப்போது மூச்சுத் திணறியது, எந்த ஊசி போட்டார்கள், மருத்துவர் என்ன சொன்னார்? மீண்டும் மீண்டும் அவற்றுக்கே விடையளித்ததில், ஒரு முழு வாழ்க்கை இரண்டாண்டு நோயாகச் சுருங்கிவிட்டது. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த கீபோர்டுக் கலைஞரோ வேறொன்று சொன்னார். ஒரு கோயில் திருவிழாவில் மின்சாரம் நின்று ஒலிபெருக்கி ஓய்ந்தபோது, ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும்வரை அண்ணன் தனியாகத் தபேலா வாசித்துக் கூட்டத்தைக் கலையாமல் நிறுத்தினாராம். அதுவரை நான் அறியாத செய்தி அது. நோய்க்கு முந்தைய அண்ணனை அன்று எனக்கு மீட்டுத் தந்தவர் அவருடைய குழுத் தோழரே.

புகழ்பெற்ற குடும்பங்களிலும் இத்தகைய இழப்பு உண்டு. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் தம் தம்பியருடன் ஊர் ஊராகச் சென்று கச்சேரி நடத்தியவர். அத்தம்பியருள் ஒருவரான இளையராஜா, 1976இல் ‘அன்னக்கிளி’ வழியாகத் திரையிசைக்கு அறிமுகமாகும் முன்னரே அவர் மறைந்துவிட்டார். பின்னாளில் அக்குடும்பத்தின் படநிறுவனம் ‘பாவலர் கிரியேஷன்ஸ்’ என்றே பெயர் பெற்றது. தமையனின் பெயரை மறைத்து வைக்காமல் வாசலிலேயே எழுதி வைத்தார்கள்.

எல்லாக் குடும்பமும் நிறுவனம் தொடங்க இயலாது. ஆனால் எல்லாருக்கும் இயன்றவை சில உள்ளன. நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் செவிலியரிடம், அவர் எதை விரும்பிச் செய்தவர் என்பதை ஒரு வரியில் சொல்லிவையுங்கள். மருத்துவர் அனுமதித்தால் உடன் வாசித்தவர்களையும் பார்வை நேரத்தில் வரச் சொல்லுங்கள். அவர் விட்டுச்சென்ற இசைக்கருவியைப் பரண்மேல் ஏற்றிவிடாமல், கற்க விரும்பும் ஓர் இளைஞரிடம் கொடுங்கள். தபேலா வாசிக்கப்படாமல் கிடந்தால் கெட்டுவிடும்.

உலக சுகாதார நிறுவனம், நோய்த்தணிப்புச் சிகிச்சை குடும்பத்தாரின் இழப்புத் துயருக்கும் துணைநிற்க வேண்டும் என்கிறது. குடும்பம் என்ற சொல்லில் அக்காவும் அண்ணனும் தங்கையும் தம்பியும் அடங்குவர். துயரம் பல மாதங்களாகியும் உறக்கத்தையும் அன்றாட வேலையையும் கெடுத்தால், உடன்பிறந்தவரும் தயங்காமல் மனநல ஆலோசகரை அணுகலாம்.

அடுத்த முறை நீங்கள் ஒரு துக்க வீட்டுக்குச் செல்லும்போது, பந்தலில் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கும் தம்பியையோ, அடுக்களையில் காபி கலக்கும் தங்கையையோ சற்று அருகில் அமரச் சொல்லுங்கள். எப்படி இறந்தார் என்று கேட்க வேண்டா. அவருக்கு எந்தப் பாட்டு பிடிக்கும் என்று கேளுங்கள்.