மாலை எடுத்துக் கொடுத்தவர்கள் வாய்தாவுக்கு வருவதில்லை

என் அம்மாவின் கல்யாணப் போட்டோவில் பதினோரு பேர் நிற்கிறார்கள். 1988இல் மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில், பொதுக்கூட்ட மேடையிலேயே நடந்த சுயமரியாதைத் திருமணம் அது. அய்யர் இல்லை, மந்திரம் இல்லை. தலைவர் ஒருவர் மாலை எடுத்துக் கொடுக்க, இருவரும் மாற்றிக்கொண்டார்கள். அம்மா நடவுக்கும் களைக்கும் போகிற சேரிப் பெண். அப்பா வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு வேலி நஞ்சை வைத்திருந்த குடும்பத்தின் இளைய மகன். அன்றைக்கு மேடையில் பேசியவர்கள் இந்த ஊரில் சாதிக்குக் குழி வெட்டிவிட்டோம் என்று பேசினார்களாம்.

அந்தப் பதினோரு பேரில் ஒருவர்கூட 1996இல் கோர்ட்டுக்கு வரவில்லை.

அப்பா வாய்க்காலைத் தாண்டித் திரும்பிப் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. அவருக்கு வேறு இடத்தில், சொந்த சாதியில், பெண் பார்த்து முடித்துவிட்டார்கள். எனக்கு ஆறு வயது. அம்மா எனக்காக ஜீவனாம்சம் கேட்டு மனுப் போட்டார். தனக்கென்று எதுவும் கேட்கவில்லை, அது அவருடைய வீம்பு. சாட்சி சொல்ல வரச்சொல்லி, போட்டோவில் இருந்த ஒரு தோழரிடம் போய் நின்றார். அவர் சொன்னதை அம்மா இன்றைக்கும் அப்படியே சொல்லிக்காட்டுவார்: "கேஸுன்னு போனா அவனுங்க சிரிப்பானுங்கம்மா. கலப்புக் கல்யாணம் பண்ணினா இதுதான் கதின்னு ஊர் ஊரா பேசுவானுங்க. கொஞ்சம் பொறுத்துக்க."

அந்தத் தோழர் கெட்டவர் இல்லை. பத்தாம் வகுப்பு வரை என் நோட்டுப் புத்தகங்களை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். அதனால்தான் அந்தச் சொல் எனக்கு இன்னும் ஆறவில்லை. நோட்டு வாங்கிக் கொடுத்தது கருணை. சாட்சிக் கூண்டில் ஏறியிருந்தால் அது அரசியல்.

எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்டது, இது கல்யாணமே இல்லையே என்று. இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1953இல் தெய்வானை ஆச்சி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், சடங்கில்லாத சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லாது என்றது. சொத்துக்காக நடந்த வழக்குதான். ஆனால் அந்தத் தீர்ப்பின் நிழல், மாலை மாற்றிக்கொண்ட அத்தனை பேர் வீட்டுப் பிள்ளைகள் மேலும் விழுந்தது. 1967இல் அண்ணா ஆட்சிக்கு வந்ததும் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்துத்தான் அந்த நிழலை விலக்கினார்கள். ஆக, வக்கீலின் அந்த வாதம் நிற்கவில்லை. உடனே அடுத்த வாதத்துக்குத் தாவினார்: பிள்ளையே எங்களுடையது இல்லை.

என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. டவாலிக்காரர் கொடுத்த புளிப்பு மிட்டாய்தான் நினைவிருக்கிறது.

அம்மா ஜெயித்தார். மாதம் 200 ரூபாய். சிரிக்காதீர்கள், அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவு 500 ரூபாய்க்கு மேல் தரச் சொல்ல மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரமே தரவில்லை. 2001இல் திருத்தம் வந்த பிறகுதான் அந்த உச்சவரம்பு போனது. நாலு மாதம் பணம் வந்தது. பிறகு நின்றது. நின்றுபோன பணத்தை வசூலிக்க, அது தரவேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும் என்பதை எங்களுக்குச் சொல்ல ஆளில்லை. தெரியவந்தபோது இரண்டு வருடப் பாக்கி காலாவதியாகியிருந்தது. சட்டம் தெரிந்த ஒரே ஒரு தோழர், ஒரே ஒரு நாள் கூட வந்திருந்தால் போதும்.

இப்போது நான் மற்ற பெண்களோடு கோர்ட்டுக்குப் போகிறேன். நான் வக்கீல் இல்லை. காகிதங்களைச் சரிபார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து, பஸ்ஸில் திரும்பி வருகிறவள். அவ்வளவுதான். இந்தப் பத்து வருடத்தில் பார்த்தவற்றிலிருந்துதான் எழுதுகிறேன்.

டெல்டாவில் ஜீவனாம்ச வழக்கு என்று வந்தால் எந்த அப்பனுக்கும் வருமானம் கிடையாது. "வேலையில்லை, அப்பா நிழலில் இருக்கிறேன்" என்று எதிருரை வரும். நிலம் தாத்தா பெயரில், டிராக்டர் மாமா பெயரில், கடை அண்ணன் பெயரில். விவசாய வருமானத்துக்கு வரிக்கணக்கும் இல்லை. ஆனால் அதே ஆள் குறுவை அறுத்து நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டு போகும்போது சிட்டா அடங்கல் இருக்கிறது, பணம் வங்கிக் கணக்குக்குப் போகிறது. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கும்போது நிலம் இருக்கிறது. பிள்ளைக்குப் பால் வாங்க மட்டும் இல்லை. 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேகா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் சொல்லியாக வேண்டும், தொகையை மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்கிட வேண்டும் என்று சொல்லிவிட்டது. கொள்முதல் நிலைய ரசீதையும் வங்கிக் கணக்கையும் கேட்டு வாங்குங்கள் என்று நம் பெண்களுக்கு யார் சொல்கிறார்கள்? 2024 ஜூலை முதல் 125 போய், புதிய சட்டத்தில் 144 வந்திருக்கிறது. எண் மாறியதே பல கிராமங்களுக்குத் தெரியாது. இடைக்கால ஜீவனாம்ச மனுவைக் கூடுமானவரை 60 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் எழுதியிருப்பதை நான் சொன்னால், பெண்கள் என்னைப் பாவமாகப் பார்க்கிறார்கள்.

கோர்ட்டுக்குப் போவதற்கு முன்னாலேயே அத்துக்கட்டிவிடுகிற பஞ்சாயத்து ஒன்று இருக்கிறது. ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்து, "இனிமேல் புள்ளைக்கும் எங்களுக்கும் எந்தப் பாத்தியதையும் இல்லை" என்று வெற்றுத்தாளில் கையெழுத்து. பெண் படித்தவளாக இருந்தால் முத்திரைத்தாளில். குழந்தையின் உரிமை குழந்தையுடையது. தாய் கையெழுத்துப் போட்டு அதை விற்க முடியாது. சட்டம் இன்னும் ஒருபடி மேலே போய், பிள்ளை முறையான திருமணத்தில் பிறந்ததா இல்லையா என்பதையே ஜீவனாம்சத்துக்குப் பார்ப்பதில்லை. இரண்டு வகைப் பிள்ளைக்கும் தகப்பன் சோறு போட்டாக வேண்டும். ஆனால் தாய்க்கு அந்தக் கரிசனம் கிடையாது. 2010இல் நம் தமிழ்நாட்டிலிருந்து போன வேலுசாமி எதிர் பச்சையம்மாள் வழக்கில், எந்த உறவு திருமணம் போன்றது, எது இல்லை என்று வகுத்த உச்ச நீதிமன்றம், ஒரு பெண்ணைக் குறிக்க வைப்பாட்டி என்ற பொருளில் வரும் ஆங்கிலச் சொல்லைத் தீர்ப்பிலேயே எழுதியது. அப்போதைய கூடுதல் சொலிசிட்டர் ஜெனரல் இந்திரா ஜெய்சிங் நீதிபதிகள் முன்னிலையிலேயே அதை எதிர்த்தார். பண்ணையார் வீட்டுத் திண்ணையில் நாம் கேட்டுப் பழகிய சொல் அது.

இனி, பிள்ளை யாரிடம் இருப்பது என்ற கேள்வி.

பொம்பளப் பிள்ளை என்றால் "எங்க ரத்தம் இல்லை". ஆம்பளப் பிள்ளையாக இருந்து, வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்தில் இரண்டாவது கல்யாணத்தில் வாரிசு இல்லை என்றால், பத்து வருடம் கழித்து ரத்தம் நினைவுக்கு வரும். அப்போது போடுகிற மனுவில் "குழந்தையின் நலன்" என்ற வார்த்தை பக்கத்துக்குப் பக்கம் இருக்கும். எங்களிடம் மாடி வீடு, நல்ல பள்ளிக்கூடம், "நல்ல சூழல்" இருக்கிறது. தாயோ கூலி வேலை, காலனி வீடு. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் பிள்ளையின் வயது, பால், மதம் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்கிறது. சாதி என்ற சொல் அதில் இல்லை. இருக்க வேண்டிய தேவையும் இல்லை, "சூழல்" என்று சொன்னாலே டெல்டாவில் எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது. சென்னையிலிருந்து மேல்முறையீட்டுக்குப் போன ரோசி ஜேக்கப் வழக்கில் 1973லேயே உச்ச நீதிமன்றம், பிள்ளைகள் பெற்றோரின் உடைமையோ விளையாட்டுப் பொருளோ அல்ல என்று சொல்லியிருக்கிறது. வசதியை மட்டும் வைத்துப் பிள்ளையைக் கொடுத்துவிட முடியாது. ஆனால் ஏழையின் வக்கீல் அதை எடுத்துச் சொன்னால்தானே?

வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேரைக் குடிசையில் வைத்து எரித்த வழக்கில், கார் வைத்திருக்கிற மிராசுதார்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்ற தொனியில் எழுதியது உயர் நீதிமன்றம். கீழத்தஞ்சை மண்ணில் வளர்ந்த எனக்கு, மாடி வீட்டை நலனுக்குச் சாட்சியாகக் காட்டும்போதெல்லாம் அந்தக் கார்தான் கண்முன் வருகிறது.

இந்து இளவர் காப்புரிமைச் சட்டம் 1956இல் எழுதப்பட்டது. இயற்கைக் காப்பாளர் "தந்தை, அவருக்குப் பின் தாய்". ஐந்து வயது வரை மட்டும் பிள்ளை பொதுவாகத் தாயிடம். 1999இல் கீதா ஹரிஹரன் வழக்கில் "பின்" என்பதற்குத் தந்தை இல்லாத நிலையில் என்று உச்ச நீதிமன்றம் பொருள் சொன்னது, அவர் உயிரோடு இருந்தும் பொறுப்பைக் கைவிட்டிருந்தால் அதுவும் இல்லாத நிலைதான் என்று. நல்லது. ஆனால் சட்டத்தின் வரி மாறவில்லை. திருமணம் இல்லாமல் பிறந்த பிள்ளைக்கு மட்டும் இதே சட்டம் தாயை முதலில் வைக்கிறது. எங்கே கௌரவம் இல்லையோ அங்கேதான் தாய்க்கு முதலிடம்!

தலைகீழ்க் கதையும் உண்டு. பெண் ஆதிக்க சாதி, ஆண் தலித் என்றால் இந்த மண்ணில் பிள்ளை பிறக்கும்வரை விட்டுவைப்பதே அபூர்வம். 2024 ஜனவரியில் பட்டுக்கோட்டை வட்டாரத்தில், தலித் இளைஞரைத் திருமணம் செய்த 19 வயதுப் பெண்ணைச் சொந்தக் குடும்பமே கொன்று எரித்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். பிள்ளை பிறந்துவிட்டால்? கேரளத்தைப் பாருங்கள். திருவனந்தபுரத்தில் 2020 அக்டோபரில் பிறந்த குழந்தையை, பிறந்த சில நாளிலேயே தாயிடமிருந்து அவருடைய பெற்றோரே பிரித்து அரசு சார்ந்த குழந்தைகள் நல அமைப்பில் சேர்த்துவிட்டார்கள். அங்கிருந்து ஆந்திரத்துத் தம்பதிக்குத் தத்துக்குப் போனது. குழந்தையின் தந்தை தலித் கிறித்தவர். பிரித்த குடும்பம் இடதுசாரிக் குடும்பம், அதையும் சொல்லியாக வேண்டும். தாய் தெருவில் உட்கார்ந்து போராடி, மரபணுச் சோதனை நடந்து, 2021 நவம்பரில் குடும்ப நீதிமன்றம் குழந்தையை அவர் கையில் கொடுத்தது. கட்சிக் கொடி பறக்கிற வீட்டுக்குள்ளும் சாதி நடமாட முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

சாதிச் சான்றிதழ் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தகப்பன் விட்டுப்போன பிள்ளைக்குப் பள்ளியில் சேர்க்கச் சான்றிதழ் கேட்டுப் போனால், "அப்பா கம்யூனிட்டி என்ன, அவரைக் கூட்டிட்டு வா" என்கிறார்கள். எவனைக் கூட்டி வருவது? தாய், தகப்பன் இருவரில் யாருடைய சாதியைப் பெற்றோர் அறிவிக்கிறார்களோ அந்தச் சாதியின் பெயரில் சான்றிதழ் தரலாம் என்று 1970களிலேயே தமிழ்நாடு அரசு ஆணை போட்டிருக்கிறது. 2012இல் ரமேஷ்பாய் நாயக்கா வழக்கில் உச்ச நீதிமன்றமும், தகப்பன் சாதிதான் பிள்ளையின் சாதி என்பது மாற்ற முடியாத விதி அல்ல, தாயின் சமூகத்தில் வளர்ந்து அவள் பட்ட இழிவையும் புறக்கணிப்பையும் பட்ட பிள்ளை அவள் சாதியைக் கோரலாம் என்றது. சோறு போடாதவன் சாதியை மட்டும் கொடுத்துவிட்டுப் போவானாம்.

இவ்வளவும் எதிரியைப் பற்றி. எனக்கு உங்களிடம், நம்மிடம், பேச வேண்டியது வேறு.

சாதி மறுப்புத் திருமணங்களை நாம் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டும். பாதுகாப்புக் கேட்டுக் காவல் நிலையத்துக்கு ஓடுகிறோம். முகநூலில் வாழ்த்துப் போடுகிறோம். ஆனால் அந்தத் தம்பதி மூன்றாம் வருடம் பிரிந்தால் நமக்குக் கூச்சம் வந்துவிடுகிறது. அந்தப் பெண்ணிடம் "அவர் நல்ல தோழர்தான், பேசிப் பாருங்கள்" என்கிறோம். நல்ல தோழர் பிள்ளைக்குப் பணம் அனுப்புகிறாரா என்று கேட்பதில்லை. சாதிக்காரன் சிரிப்பான் என்ற பயம் நமக்கு. சொந்த சாதியில் தாலி கட்டியவர்களெல்லாம் பிரியாமலா இருக்கிறார்கள்? குடும்ப நீதிமன்ற வாசலில் ஒரு காலை நேரம் நின்று பாருங்கள், அத்தனை சாதியும் வரிசையில் நிற்கும். பிரியும் உரிமையும் சேர்த்துத்தான் சுயமரியாதைத் திருமணம். பிரிந்தால் மறைக்க வேண்டியதாக அதை ஆக்கிவிட்டால், தாலிக்கும் மாலைக்கும் என்ன வித்தியாசம்?

இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளுங்கள். திருமணத்தைப் பதிவு செய்ய வைத்தோமா? 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் எல்லாத் திருமணமும் பதிவாக வேண்டும். மேடைக்கு மைக் செட் ஏற்பாடு செய்கிறவர்கள் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் ஒரு நாள் ஒதுக்கலாம். போட்டோவில் நிற்பவர்கள் சாட்சிக் கையெழுத்தும் போடலாம். என் அம்மாவிடம் அந்த ஒரு காகிதம் இருந்திருந்தால், பிள்ளை யாருடையது என்று கேட்க ஒரு வக்கீலுக்கு வாய் வந்திருக்காது. பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், பட்டியல் சாதியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அதற்கு அலுவலகம் இருக்கிறது. மாவட்டத்துக்கு இரண்டு தோழர்கள் இதைக் கற்றுக்கொண்டால் போதாதா?

"தனிப்பட்ட குடும்ப விவகாரத்தில் இயக்கம் எப்படித் தலையிடும்?" என்று ஒரு தம்பி போன மாதம் கேட்டார். கல்யாணம் பண்ணும்போது அது தனிப்பட்ட விவகாரமாக இல்லையே தம்பி. கொடி கட்டி, துண்டறிக்கை அடித்தல்லவா பண்ணினோம்.

அந்தத் தம்பிக்கு ஒரு வேலை சொல்லியிருக்கிறேன், உங்களுக்கும் சொல்கிறேன். நாகை மாவட்டத்துப் பெண் ஒருவர், இருபத்தாறு வயது. இரண்டு வயது மகள். போன சித்திரையில் அவருக்குத் திருமணம் நடத்தி வைத்தவர்கள் எல்லோரும் இப்போது தொடர்பு எல்லைக்கு வெளியே. அடுத்த வாய்தா தாளடி நடவு உச்சத்தில் வருகிறது. ஒரு நாள் கூலி போகும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, எதிர்த்தரப்பில் டாடா சுமோவில் பத்துப் பேர் வந்து இறங்குவார்கள். நம் பக்கம் நாலு பேர் வந்து வராந்தாவில் உட்கார்ந்தால் போதும். காலை பத்து மணிக்குக் கூப்பிடுவார்கள். பிள்ளைக்கு ஒரு பாட்டில் தண்ணீரும் பிஸ்கட்டும் கொண்டு வாருங்கள், சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.