847 ரூபாய்க்கு ஏழாண்டுக் கறையா?

கோவையில் ஒரு நூற்பாலைத் தோழர். ரிங் பிரேம் பகுதியில் இருபது வருஷம் நின்று உழைத்தவர். அவருடைய மகளுக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்தது. கல்விக் கடன் கேட்டுத் தகப்பனும் மகளும் பாங்குக்குப் போனார்கள். பிள்ளை வாங்கும் கடனுக்குப் பெற்றவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும் அல்லவா? மானேஜர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். "உங்கள் பெயரில் பாக்கி நிற்கிறது. சிபில் சரியில்லை. கடன் கொடுக்க வழியில்லை" என்று சொல்லிவிட்டார்.

என்ன பாக்கி? தோழர் அன்றுவரை எந்தப் பாங்கிலும் ஒரு காசு கடன் வாங்கியதில்லை. துருவி விசாரித்த பிறகுதான் விஷயம் வெளிவந்தது. ஆறு வருஷத்துக்கு முன் மில் மூடிக் கிடந்தபோது அவர் வெளியூரில் ஒரு காண்டிராக்டரிடம் கூலிக்குப் போயிருந்தார். ஷிப்டுக்குக் கூப்பிட வசதியாக இருக்கும் என்று சொல்லி அந்தக் காண்டிராக்டர், தோழருடைய ஆதார் நகலை வைத்து அவர் பெயரிலேயே ஒரு போன் எடுத்தார். முன்பணம் கட்டிப் பேசும் போன் அல்ல. மாதம் முடிந்து பில் வரும் போன். வேலை முடிந்ததும் தோழர் அதைக் காண்டிராக்டரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு ஊர் வந்து சேர்ந்தார். பில் மட்டும் பழைய லைன் வீட்டு விலாசத்துக்குப் போய்க்கொண்டே இருந்தது. அங்கே யார் வாங்குவது? யார் கட்டுவது? கடைசியில் நின்ற தொகை 847 ரூபாய்.

சங்கத்தின் உதவியோடு மனுக்கள் எழுதி, அந்தப் பதிவைத் திருத்த வைத்தோம். ஆனால் கல்லூரியில் பணம் கட்டும் தேதி நமது மனுக்களுக்காகக் காத்திருக்குமா? அந்தத் தாயின் தோடும் மூக்குத்தியும் அடகுக் கடைக்குப் போய்த்தான் முதல் வருஷப் பணம் கட்டப்பட்டது.

இது ஒரு குடும்பத்தின் கதைதானே என்று தள்ளிவிடுவதற்கில்லை. வயலில் நிற்கிறவர், தறியில் நிற்கிறவர், கட்டிட வேலைக்குப் போகிறவர் எல்லோருடைய இடுப்பிலும் இன்று போன் இருக்கிறது. எத்தனை பேர் பெயரில் எத்தனை போன் இருக்கிறது என்பது அவர்களுக்கே தெரியாது. ஆகவே இந்த ஏட்டைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே பார்ப்போம்.

அந்தக் காலத்து லேவாதேவிக்காரனிடம் ஒரு கணக்கு ஏடு இருந்தது. சிவப்புத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருப்பான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கடன்காரனுக்குத் தெரியாது. ஆனால் அந்த ஏட்டின் ஆட்சி ஒரு ஊருக்குள்தான். கொடுமை தாங்காமல் மலைத் தோட்டத்துக்கோ மில்லுக்கோ போய்விட்டால், அங்கே அந்த ஏட்டைப் பிரித்துப் பார்ப்பார் இல்லை. இப்போதோ ஏடு நாடு முழுவதற்கும் ஒன்றாகிவிட்டது. 2005-ம் ஆண்டு பார்லிமெண்டில் கடன் தகவல் கம்பெனிகள் சட்டம் நிறைவேறியது. அந்தச் சட்டப்படி டிரான்ஸ்யூனியன் சிபில், ஈக்விபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிப் ஹைமார்க் என்ற நான்கு கம்பெனிகள் ரிசர்வ் பாங்கின் அனுமதியோடு இந்த ஏட்டை எழுதி வருகின்றன. நாலும் லாபத்துக்காக நடக்கும் கம்பெனிகளே. சிபிலின் பெரும் பங்கு அமெரிக்காவின் சிகாகோவில் தலைமையகம் வைத்திருக்கும் டிரான்ஸ்யூனியன் கையில் இருக்கிறது. ஒவ்வொரு மனிதனுக்கும் 300 முதல் 900 வரை மார்க்குப் போடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போடும் மார்க்கையாவது விடைத்தாளைக் காட்டிக் கேட்கலாம். இங்கே எந்தக் கணக்கில் எத்தனை மார்க்கு வெட்டினார்கள் என்று முழுவதையும் சொல்லமாட்டார்கள். அது கம்பெனி ரகசியமாம்!

பாங்குக் கடனுக்கும் போன் பில்லுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பாங்கு நமக்குப் பணம் கொடுக்கிறது. போன் கம்பெனி ஒரு சேவையை விற்கிறது. ஆனால் இந்தச் சட்டத்தின் கீழ் 2006-ல் வந்த விதிமுறைகள், ஏட்டைப் பார்க்க உரிமையுள்ளவர்கள் வரிசையில் போன் கம்பெனிகளையும் உட்கார வைத்தன. சிபிலின் கணக்கு வகைகளில் கைபேசி, பிராட்பேண்ட், வீட்டு டெலிபோன் ஆகியவற்றுக்கென்று தனித்தனி வகையே உண்டு. கம்பெனி 'பாக்கி' என்று எழுதி அனுப்பினால் அது பாக்கி. அந்தப் பில் சரியா, தப்பா என்று ஏட்டில் ஏறுவதற்கு முன் கேட்பார் யாரும் இல்லை. வழக்காடுகிறவரே தீர்ப்பையும் எழுதுகிறார்.

ஒரு விஷயத்தை இடையில் சொல்ல வேண்டும். நம்மில் பெரும்பாலோர் முன்பணம் கட்டித்தான் பேசுகிறோம். அதில் நமக்குப் பாக்கி விழ வழியே இல்லை. பேசாத பேச்சுக்கும் சேர்த்து முன்கூட்டியே பணத்தைக் கொடுத்துவிடுகிறோம். கோடிக்கணக்கான உழைப்பாளிகள் வட்டியில்லாமல் கம்பெனிக்குக் கடன் கொடுத்து வைத்திருக்கிறோம் என்றுதான் இதற்குப் பொருள். அதிலும் மாதம் என்றால் 28 நாள் என்று வைத்து வருஷத்தில் பதின்மூன்று முறை பணம் வாங்கினார்கள். முப்பது நாள் செல்லும் திட்டம் ஒன்றாவது வைத்தே தீர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஜனவரியில் உத்தரவு போட வேண்டி வந்தது. நாம் முன்கூட்டிக் கொடுத்து வைக்கும் இந்தப் பணத்துக்கு நமக்கு யார் மார்க்குப் போடுகிறார்கள்?

சரி, 847 ரூபாய்க்குத் திரும்புவோம். புரோநோட்டுக்கு மூன்று வருஷம் என்பது கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். பணப் பாக்கிக்கு மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும் என்பது 1963-ம் ஆண்டின் காலவரையறைச் சட்டம். அதன் பிறகு வந்தால் கோர்ட்டு ஏற்காது. ஆனால் கடன் தகவல் கம்பெனி தன் ஏட்டில் ஏறியதைக் குறைந்தது ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று விதி செய்திருக்கிறார்கள். அதாவது, கோர்ட்டில் கேட்க முடியாத பாக்கியை ஏட்டில் வைத்து மேலும் நாலு வருஷம் மிரட்டலாம்! வழக்கு இல்லை, சாட்சி இல்லை, தீர்ப்பு இல்லை. தண்டனை மட்டும் உண்டு.

வாங்கிய கடனைக் கட்ட வேண்டாமா, பேசிய பேச்சுக்குப் பணம் கொடுக்க வேண்டாமா என்று சிலர் கேட்கிறார்கள். கட்டத்தான் வேண்டும். உழைப்பாளி கடனை ஏமாற்றுகிறவன் அல்ல. மளிகைக் கடைப் பாக்கியைச் சம்பளத்தன்றே எண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறான். நாம் கேட்பது வேறு: பெரிய மனிதர்கள் பாக்கி வைத்தால் என்ன நடக்கிறது?

அந்தப் போன் கம்பெனிகளையே எடுத்துக்கொள்வோம். வருமானத்தில் சர்க்காருக்குச் சேரவேண்டிய பங்கை எப்படிக் கணக்கிடுவது என்று பல ஆண்டுகள் வழக்காடினார்கள். 2019 அக்டோபர் 24-ந் தேதி சுப்ரீம் கோர்ட் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. பாக்கி சுமார் 92,000 கோடி ரூபாய். உடனே ஜப்தி வந்ததா? இல்லை. 2020 செப்டம்பரில் பத்து வருஷத் தவணை கிடைத்தது. 2021 செப்டம்பரில் அதற்கும் மேலே நாலு வருஷ அவகாசத்தை மத்திய சர்க்கார் கொடுத்தது. வோடபோன் ஐடியா கம்பெனியின் பாக்கியில் 16,133 கோடி ரூபாயை 2023-லும், 36,950 கோடி ரூபாயை 2025-லும் சர்க்கார் பங்குகளாக மாற்றிக்கொண்டது. கம்பெனி விழுந்தால் தொழிலாளிகளும் போன் வைத்திருப்போரும் திண்டாடுவார்கள் என்று அதற்குக் காரணம் சொன்னார்கள். அந்தக் காரணத்தில் உண்மையும் இருக்கிறது. பல்லாயிரம் பேரின் வேலை சம்பந்தப்பட்ட விஷயம் அது. ஆனால் கம்பெனியின் கஷ்டகாலத்தைப் புரிந்துகொள்ளத் தெரிந்த அதே கண்ணுக்கு, மில் மூடியதால் வெளியூர் போன ஒரு தொழிலாளியின் கஷ்டகாலம் தெரியாமல் போவது எப்படி?

2024 மார்ச் வரையிலான பத்து நிதியாண்டுகளில் பாங்குகள் 16.35 லட்சம் கோடி ரூபாய் வாராக் கடனைக் கணக்கிலிருந்து நீக்கின என்று பார்லிமெண்டில் சர்க்காரே தெரிவித்தது. இது தள்ளுபடி அல்ல, வசூல் தொடரும் என்கிறார்கள். தொடரட்டும். நம் தோழரின் பெண்ணுக்கு அந்த மாதிரி ஒரு 'தொடரட்டும்' கிடைக்கவில்லை.

ஆஸ்திரேலியா முதலாளித்துவ நாடுதான். அங்கேகூட 150 டாலருக்குக் குறைந்த பாக்கியை இப்படி ஏட்டில் ஏற்றக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. தவணை தாண்டி 60 நாளாவது ஆகியிருக்க வேண்டும். முன்கூட்டி எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். ஐந்து வருஷத்துக்கு மேல் அந்தப் பதிவு நிற்கக்கூடாது. நமது நாட்டில் இத்தனை ரூபாய்க்குக் கீழே ஏற்றாதே என்று ஒரு வரம்பு கிடையாது. பாக்கி என்று எழுதி அனுப்பும்போது கடன் வாங்கியவருக்கு எஸ்.எம்.எஸ். அல்லது ஈமெயில் மூலம் தெரிவிக்க வேண்டும் என்று கடன் கொடுக்கும் நிறுவனங்களுக்கு ரிசர்வ் பாங்கு 2023-ல் சொன்னது. நல்லதுதான். ஆனால் நம்பரையே விட்டுவிட்டு வந்தவனுக்கு அந்தச் செய்தி எந்த நம்பருக்குப் போகும்?

இனி, கையில் இருக்கிற வழிகளைச் சொல்வோம். சட்டம் முழுவதும் நமக்கு எதிரி என்று உட்கார்ந்துவிடக்கூடாது. போராடிப் பெற்ற சில விதிகள் அதற்குள்ளும் இருக்கின்றன.

முதலில் ஏட்டைப் பார்க்க வேண்டும். நாலு கம்பெனிகளும் ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது 2017 முதல் நடைமுறை. இதற்காக எந்தப் புரோக்கருக்கும் பணம் கொடுக்காதீர்கள். "சிபில் சரி செய்து தருகிறோம்" என்று பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டுகிறவர்களால் எதையும் அழிக்க முடியாது. உங்கள் ஆதார் நகலை வாங்கி வைத்துக்கொள்ளத்தான் முடியும். உங்கள் பெயரில் எத்தனை போன் இணைப்பு இருக்கிறது என்று பார்க்க மத்திய சர்க்காரின் சஞ்சார் சாத்தி என்ற இணைய வசதி 2023-ல் வந்தது. சங்கத்தில் படித்த பிள்ளைகள் இருப்பார்கள். பத்து நிமிஷ வேலை. உங்களுடையது அல்லாத நம்பரை அங்கேயே சொல்லிவிடலாம்.

பாக்கி நம்முடையது அல்ல, அல்லது தொகை தப்பு என்றால், போன் கம்பெனிக்கும் கடன் தகவல் கம்பெனிக்கும் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்க வேண்டும். வாயால் சொன்னது போதாது. புகார் நம்பரை வாங்கி எழுதி வையுங்கள். ஏட்டைத் திருத்தக் கேட்ட மனுவை 30 நாளில் முடிக்காவிட்டால் அதன்பின் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு என்பது 2024 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த ரிசர்வ் பாங்கு உத்தரவு. நூறு ரூபாய் அவர்களுக்குத் தூசி. ஆனாலும் கேளுங்கள். கேட்டால்தான் பைல் நகரும். கடன் தகவல் கம்பெனிகள் மீது ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளரிடம் போகும் வழி 2022 முதல் திறந்திருக்கிறது. போன் கம்பெனியின் மீது மாவட்ட நுகர்வோர் கமிஷனுக்குப் போகலாம். போகக்கூடாது என்று கம்பெனிகள் வாதாடிய வாதத்தை 2022 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் தள்ளிவிட்டது. ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குக்குக் கோர்ட் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நாமே பேசலாம்.

பாக்கி உண்மையில் நம்முடையதுதான் என்றால்? கட்டிவிடுங்கள். ஆனால் எப்படிக் கட்டுவது என்பதில்தான் ஏமாற்று இருக்கிறது. வசூல் ஏஜெண்ட் போனில் வருவான். "போலீஸ் வரும், அரெஸ்ட்" என்பான். போன் பில் பாக்கி சிவில் விஷயம். அதற்காக யாரையும் போலீஸ் பிடித்துக்கொண்டு போக முடியாது. மிரட்டல் பலிக்காவிட்டால் குரலை மாற்றிக்கொண்டு, "பாதி கட்டுங்கள், முடித்துவிடலாம்" என்பான். அப்படி முடித்தால் ஏட்டில் 'முழுவதும் கட்டப்பட்டது' என்று எழுதமாட்டார்கள். 'பேசி முடிக்கப்பட்டது' என்று எழுதுவார்கள். அதைப் பார்க்கும் பாங்கு மானேஜர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆகவே முடிந்தால் முழுத் தொகையைக் கம்பெனியின் கவுண்டரிலேயே கட்டி, 'இனி பாக்கி இல்லை' என்ற கடிதத்தைக் கையெழுத்தோடு வாங்குங்கள். ஏஜெண்டின் சொந்தக் கணக்குக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். கட்டிய பிறகும் பழைய பதிவு உடனே மறைந்துவிடாது. ஆனால் 'பாக்கி' என்பது 'கட்டியாயிற்று' என்று மாறும். மாறியிருக்கிறதா என்று அடுத்த அறிக்கையில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஏடு கடனோடு நிற்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பாரத ஸ்டேட் வங்கியில் வேலைக்குத் தேர்வான ஒருவருடைய நியமனம், அவருடைய சிபில் பதிவைக் காட்டி ரத்து செய்யப்பட்டது. அந்த ரத்து செல்லும் என்று 2025-ல் சென்னை ஹைக்கோர்ட் சொல்லிவிட்டது. கடனைக் கட்ட வேலை வேண்டும். வேலை கிடைக்கக் கடன் இல்லாதிருக்க வேண்டும்! இதற்கு நேர் மாறாக, சிபில் மார்க்குக் குறைவு என்பதற்காக மாணவனின் கல்விக் கடனை மறுக்கக்கூடாது என்று கேரள ஹைக்கோர்ட் 2023-ல் கூறியது. நம் தோழரின் மகளைப் போன்றவர்கள் பாங்குக்குப் போகும்போது இந்தத் தீர்ப்பின் நகலைக் கையில் கொண்டுபோக வேண்டும்.

கிராமத்திலும் இது நுழைந்துவிட்டது. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க் கடன் வாங்கவும் சிபில் அறிக்கை பார்க்க வேண்டும் என்று 2025-ல் தமிழ்நாட்டில் பேச்சு எழுந்தபோது விவசாயிகள் சங்கங்கள் எதிர்த்துக் கிளம்பின. குத்தகைக்குப் பயிரிடுகிறவருக்குச் சங்கக் கடன் மறுக்கப்பட்டால் அவர் எங்கே போவார்? மீட்டர் வட்டிக்காரனிடம்தான் போவார். அவன் எந்த ஏட்டையும் பார்ப்பதில்லை.

ஆகவே நாம் கேட்பது இவ்வளவுதான். ஒரு குறைந்தபட்சத் தொகைக்குக் கீழே உள்ள போன் பாக்கி ஏட்டில் ஏறக்கூடாது. ஏற்றுவதற்கு முன் நோட்டீஸ் தபாலில் வரவேண்டும். ஆட்சேபம் நிலுவையில் இருக்கும்வரை பதிவு நிற்கக்கூடாது. வழக்குப் போடும் காலம் முடிந்த பாக்கி, ஏட்டிலிருந்தும் அன்றே நீங்க வேண்டும். பயிர்க் கடனையும் கல்விக் கடனையும் இந்த மார்க்கோடு முடிச்சுப் போடக்கூடாது.

அதுவரை, வெளியூர் வேலைக்குப் போகும் தோழர்கள் காண்டிராக்டரிடம் ஆதார் நகல் கொடுத்தால் அதன்மேலேயே எதற்காகக் கொடுக்கிறோம் என்று எழுதித் தேதி போட்டுக் கொடுங்கள். மாதப் பில் போனை விடும்போது கம்பெனிக்கு எழுதிக் கொடுத்து, கடைசி பில்லைக் கட்டி, ரசீதை ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள்.