புது டிரைவர் எதற்கு?

1829-இல் தொடங்கிய ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப், பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உள்ளவற்றில் மிகப் பழையது. டோலிகஞ்சில் இருக்கும் அதன் மைதானத்தில் எங்கு திரும்பினாலும் குளம். கிளப் சாம்பியன்ஷிப் நெருங்கினால் என் லேக் மார்க்கெட் பகுதி நண்பர்கள் முதலில் ஓடுவது நீள அடிக்கான மட்டையான டிரைவரைப் புதிதாக வாங்கத்தான். பந்தைக் குளத்தில் போட இவ்வளவு செலவா?

அதற்குப் பதில் தினமும் அரைமணி நேரம் நான்கடி தூர பட்டிங் பழகலாம். ஒரு நாள் ஸ்கோர் அட்டையை மறந்து, மட்டைப் பை சுமக்கும் கேடியோடு நடந்து, எந்தக் குளத்துக்கு முன்னால் பந்தை நிறுத்துவது என்று கேட்கலாம். (கேட்க நம் ஆட்களுக்குக் கௌரவம் இடம்கொடுக்காது.)

இதே கிளப்பின் புல்தரைப் பராமரிப்பாளர் மகன் எஸ்.எஸ்.பி. சௌராசியா 2016, 2017 இரண்டு ஆண்டும் இந்தியன் ஓப்பனை வென்றார். அவர் பெயர் வாங்கியது நீள அடிக்கு அல்ல. கிரீனைச் சுற்றிய நுணுக்கத்துக்கு.