குரூப் ப்ராஜெக்டும் ஒரு ஸ்பைரல் பைண்டிங்கும்

பி.காம் படிக்கும் யாரையாவது நடுராத்திரியில் எழுப்பி "குழு எப்படி உருவாகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். ஃபார்மிங், ஸ்டார்மிங், நார்மிங், பெர்ஃபார்மிங் என்று கண்ணைத் திறக்காமலே ஒப்பித்துவிடுவார். கொஞ்சம் நன்றாகப் படிக்கிறவர் என்றால் கடைசியில் அட்ஜர்னிங்கையும் சேர்த்துக்கொள்வார். ஐந்து மார்க் கேள்வி, நாலு வரி, ஒரு படம். வேலை முடிந்தது.

அதே மாணவர் அடுத்த வாரம் குரூப் ப்ராஜெக்ட் செய்வார். அங்கே இந்த நான்கில் ஒன்றுகூட உருப்படியாக நடக்காது.

என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ரோல் நம்பர் வரிசையில் ஆறேழு பேரைப் பிடித்து ஒரு குரூப். முதல் நாளே, பத்தே நிமிடத்தில் வேலை பிரிந்துவிடும். இங்கிலீஷ் சரளமாகப் பேசுகிறவர் ப்ரசண்டேஷன். வீட்டில் லேப்டாப் இருப்பவர் ஸ்லைடு. இன்னொருவர் நெட்டில் இருந்து அள்ளிக் கொட்டுவார். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்தவருக்கு? "மச்சி, நீ ப்ரிண்ட் எடுத்து ஸ்பைரல் பைண்டிங் போட்டுட்டு வந்துடு." அவரும் சிரித்துக்கொண்டே சரி என்பார். முதல் செமஸ்டரில் பைண்டிங் போடப் போனவர் ஆறாவது செமஸ்டரிலும் பைண்டிங் போடத்தான் போகிறார். மூன்று வருடம் எத்தனையோ குரூப்பில் பெயர் இருந்தும், ஒரு தடவைகூட வகுப்பின் முன்னால் நின்று பேசாமலே டிகிரி வாங்கிவிடுகிறார். அப்புறம் கேம்பஸ் இன்டர்வ்யூ வரும். குரூப் டிஸ்கஷன் என்று எட்டுப் பேரை வட்டமாக உட்கார வைப்பார்கள். முதல் சுற்றிலேயே வெளியே வருகிறவர் யார் என்று சொல்ல வேண்டுமா என்ன?

கேட்டால் "பசங்களுக்கு டீம் ஸ்பிரிட் இல்லை" என்பார்கள். சுத்த அபத்தம். டீம் ஸ்பிரிட் என்ன, அட்மிஷன் ஃபார்மோடு சேர்த்துக் கொண்டுவர வேண்டிய சர்டிஃபிகேட்டா? பழக இடம் கொடுத்தால்தானே பழகும்!

பாடத்தில் வரும் அந்த நான்கு சொற்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ப்ரூஸ் டக்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1965ல் எழுதிய கட்டுரையில் வந்தவை அவை. அவர் எந்தக் குழுவின் நடுவிலும் போய் உட்காரவில்லை. அதற்கு முன் வெளியாகியிருந்த ஐம்பது கட்டுரைகளைப் படித்து, பொதுவாக என்ன தெரிகிறது என்று தொகுத்தார். அவற்றில் மனநல சிகிச்சைக்காகக் கூடிய குழுக்களே அதிகம் என்ற குறையையும் அவரே எழுதி வைத்தார். ஐந்தாவது கட்டம் 1977ல் மேரி ஆன் ஜென்சனோடு சேர்ந்து எழுதியபோது வந்தது. ஆனால் மாணவர் கைக்கு வந்து சேருவது என்னவோ ரயில்வே டைம்டேபிள் மாதிரி ஒரு பட்டியல். ஃபார்மிங்கில் ஏறினால் வண்டி தானாகவே பெர்ஃபார்மிங்கில் கொண்டுபோய் இறக்கிவிடும் என்பது போல!

அந்தப் பட்டியலில் முக்கியமானது இரண்டாவது, அதாவது சண்டை. யார் சொல்வதை யார் கேட்பது, இந்த வேலையை ஏன் நான் செய்ய வேண்டும் என்று முட்டிக்கொள்ளும் கட்டம். அதைத் தாண்டித்தான் ஒரு குழுவுக்குத் தனக்கென்று விதிகள் வருகின்றன. கல்லூரியில் அந்தக் கட்டம் வந்தாலே ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டு "அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கப்பா" என்று அனுப்பிவிடுகிறார்கள். அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்வது எப்போதும் பைண்டிங் போடுகிறவர்தான்.

கானி கெர்சிக் என்ற ஆய்வாளர் 1988ல் எட்டுக் குழுக்களை ஆரம்பம் முதல் முடிவு வரை கவனித்து எழுதியது இன்னும் பொருத்தமானது. முதல் கூட்டத்தில் எப்படி உட்கார்ந்தார்களோ, அதே போக்கில்தான் பாதிக் காலம் போகிறது. கெடுவில் ஏறக்குறைய பாதி கழிந்ததும் திடீரென்று விழித்துக்கொண்டு, பழையதை உதறிவிட்டு வேறு விதமாக வேலை செய்கிறார்கள். அந்தப் பாதி வழியில் நின்று "யார் என்ன செய்கிறீர்கள், மாற்ற வேண்டுமா?" என்று எந்தக் கல்லூரி கேட்கிறது? ஒப்படைக்கும் தேதி ஒன்றுதான் நோட்டீஸ் போர்டில் தொங்குகிறது.

சண்டைக்கும் நேரத்துக்கும் இடம் கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்க்க அமெரிக்கா போக வேண்டாம். இதே மாணவர்களில் பலருடைய அம்மாக்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டு அரசின் திட்டமாக அது 1989ல் தர்மபுரியில் தொடங்கியது. ஒரு குழுவில் பன்னிரண்டு முதல் இருபது பேர். கூடுவார்கள், ஆளுக்கு ஒரு தொகை சேமிப்பார்கள், சேர்ந்த பணத்தைத் தங்களுக்குள்ளேயே கடனாகக் கொடுப்பார்கள். அங்கேதான் விஷயம் சூடு பிடிக்கும். ஒருத்திக்கு ஸ்கூல் ஃபீஸ், இன்னொருத்திக்கு ஆஸ்பத்திரிச் செலவு, இருப்பதோ ஒருவருக்குக் கொடுக்கும் அளவு பணம். யாருக்கு முதலில்? பேச்சு தடிக்கும், இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். அப்புறம் ஒரு விதி பிறக்கும். தாமதமாக வந்தால் அபராதம், முதல் கடனை அடைக்காமல் அடுத்தது கிடையாது என்று தீர்மானப் புத்தகத்தில் ஏறும். எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். அதற்காகவே கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டவர்களும் உண்டு.

வங்கி இவர்களுக்கு எடுத்த எடுப்பில் கடன் தராது. 1992ல் நபார்டு 500 குழுக்களை வைத்து வங்கி இணைப்பைச் சோதித்துப் பார்த்தது. குறைந்தது ஆறு மாதமாவது குழு ஒழுங்காக நடந்திருக்க வேண்டும் என்பது அதன் முறை. தவறாமல் கூடினார்களா, சேமித்தார்களா, உள்ளுக்குள் கொடுத்த கடன் திரும்பி வந்ததா, கணக்கு எழுதினார்களா என்றுதான் மதிப்பெண் போடுகிறார்கள். குழு நடந்த விதத்துக்கு மதிப்பெண்! காமர்ஸ் டிபார்ட்மெண்டுக்குத் தெரியாதது பேங்க் மேனேஜருக்குத் தெரிந்திருக்கிறது.

(குழு என்றாலே புனிதம் என்று சொல்லவில்லை. ஊக்குநரே எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்ட குழுக்களும் உண்டு. கூட்டுப் பொறுப்பு என்று அவசர அவசரமாகப் பெண்களைச் சேர்த்துக் கடன் கொடுத்து, தவணைக்காக ஒருவர் மேல் இன்னொருவரை ஏவிவிட்ட நுண்கடன் நிறுவனங்களின் கதையும் தெரிந்ததே. 2010ல் ஆந்திர அரசு அவசரச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. வசூலுக்காகக் கட்டப்பட்ட குழு வேறு, தானாக விதி செய்துகொண்ட குழு வேறு.)

"நன்றாகப் படிக்கிறவன் செய்வான், மற்றவன் ஓசியில் மார்க் வாங்குவான், உலகமே இப்படித்தான்" என்று ஒரு வாதம் வரும். உண்மைதான், ஆள் கூடினால் உழைப்பு குறையும். மாக்ஸ் ரிங்கல்மன் என்ற பிரெஞ்சுக்காரர் கயிறு இழுக்கவிட்டு அளந்து 1913லேயே எழுதிவிட்டார். ஆனால் கதை அதோடு முடியவில்லை. குழுவாகக் கத்தச் சொல்லி நடத்திய ஒரு சோதனை 1981ல் வெளியானது. ஒவ்வொருவர் சத்தமும் தனியாக அளக்கப்படுகிறது என்று தெரிந்தபோது அந்தச் சோம்பல் காணாமல் போனது. ஓசி மார்க் மனித சுபாவம் அல்ல, யார் என்ன செய்தார் என்று பார்க்காததன் பலன்.

ஆறு பேருக்குப் பதில் நாலு பேர் போதும். ஒரே குரூப் செமஸ்டர் முழுக்க இருக்கட்டும். வாரம் ஒரு பக்கம், யார் என்ன செய்தார், எதில் சண்டை வந்தது, என்ன முடிவு என்று ஒரு நோட்டில் எழுதி நாலு பேரும் கையெழுத்துப் போடட்டும். பாதியில் ஒருமுறை வேலையைக் கட்டாயமாக மாற்றிக்கொள்ளட்டும். பாதி மார்க் அந்த நோட்டுக்கு. வைவாவில் ஸ்லைடு போட்டவரிடம் கேட்கும் கேள்வியை, முந்தின மாதம் வரை ப்ரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தவரிடம் கேட்கட்டும், தமிழிலேயே. இதற்கு சிண்டிகேட் கூட வேண்டியதில்லை. இன்டர்னல் மார்க் ஆசிரியர் கையில்தானே இருக்கிறது?